ஐயா உள்ளே இருக்கிறார்

வக்கீல் தொழிலில் பேசுகிறவர் ஒருவர், கேட்கிறவர் ஒருவர். நடுவில் உட்கார்ந்து இரண்டு பேரிடமும் திட்டு வாங்குகிறவர் குமாஸ்தா.

ஐம்பதுகளில் காரைக்காலில் நான் அந்த நடு இடத்தில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வக்கீல் அந்துவான் ஐயா பிரெஞ்சுச் சட்டம் படித்தவர். தமிழில் பேசினால் சுருக்கமாகவும் பிரெஞ்சில் பேசினால் நீளமாகவும் பேசுவார். அவர் சொல்வதை டைப் அடிக்க ரொசாலி அம்மாள் என்று ஒரு விதவை. கட்சிக்காரர் தமிழில் அழுவதைப் பிரெஞ்சில் எழுதவும், ஐயா பிரெஞ்சில் முழங்குவதைத் தமிழில் ஆறுதலாகச் சொல்லவும் நான். நடுவில் பிரெஞ்சு அரசாங்கம் போய் இந்திய அரசாங்கம் வந்தது. அதற்கு முன் கடல் தவிர மூன்று பக்கமும் இந்தியச் சுங்கச் சாவடி. பக்கத்து ஊர் அத்தை வீட்டுக்குப் போகவும் அனுமதிச் சீட்டு வேண்டும். கப்பலேறுகிறவர்களுக்குக் காகிதம், சாவடியில் மாட்டியவர்களுக்குக் காகிதம், அடிதடிக்குக் காகிதம் என்று எங்கள் பெஞ்சு ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. வக்கீல் வீட்டுப் பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து வேட்டி நைந்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். இது உங்களுக்காகத்தான்.

ஆற்றுக்கு இந்தக் கரை, அந்தக் கரை

கோட்டுச்சேரிமேட்டு அஞ்சப்பன் வலை இழுக்கிறவர். தரங்கம்பாடியில் தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. வெறுங்கையோடு போகக் கூடாது என்று வெற்றிலை பாக்கும், வெறும் வயிற்றோடு போகக் கூடாது என்று கொஞ்சம் கள்ளும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். பாக்கு கையில், கள் வயிற்றில். எங்கள் பக்கம் கள்ளுக்கடைக்கு உரிமம் உண்டு. ஆற்றைத் தாண்டினால் மதுவிலக்கு. அவர் ஆற்றைத் தாண்டினார். அக்கரையில் ஒரு கான்ஸ்டபிள் வாயை ஊதச் சொன்னார். காதுகுத்துக்குத் தாய்மாமன் வரவில்லையே என்று அங்கே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்க, தாய்மாமன் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை அவர் மனைவி செல்லம்மா ஓட்டமாக வந்தாள். “குடிச்சது நம்ம கவருமெண்டுலதானே, அதுக்கு அந்தக் கவருமெண்டு எப்படிங்க புடிக்கலாம்?” என்று கேட்டாள். அந்துவான் ஐயாவுக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துப்போயிற்று. ஆனால் அந்தக் கரைக் கோர்ட்டில் அவர் வாயைத் திறக்க முடியாது. மாயவரத்தில் ஒரு வக்கீலுக்கு இதே கேள்வியை மூன்று பக்கத்துக்கு எழுதி என்னையும் கூட அனுப்பினார். மாயவரத்து வக்கீல் அதை அப்படியே மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். மாஜிஸ்திரேட்டு பொறுமையாகக் கேட்டுவிட்டு அஞ்சப்பனைப் பார்த்து, “அங்கே குடித்தது குற்றமில்லை, சரி. அதை ஏன் இங்கே கொண்டு வந்தாய்?” என்றார். அஞ்சப்பன் கையைக் கட்டிக்கொண்டு, “வச்சுட்டு வர எடம் இல்லீங்க எசமான், எல்லாம் உள்ள போயிடுச்சு” என்றார்.

கோர்ட்டே சிரித்தது. மாஜிஸ்திரேட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கோர்ட்டு கலையும்வரை அங்கேயே ஒரு ஓரமாக நிற்க வேண்டும் என்று தண்டனை கொடுத்தார். அஞ்சப்பன் சாயங்காலம்வரை சுவரோடு சுவராக நின்றார். வெளியே வேப்பமரத்தடியில் காத்திருந்த செல்லம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: “நிக்க வைக்கிறதுதான் தண்டனைன்னா அத நானே வீட்டுல செஞ்சிருப்பேனே, அதுக்கு ரெண்டு கவருமெண்டுல ரெண்டு வக்கீல் எதுக்குங்க?”

குடை

சுல்தான் மரைக்காயருக்கு அப்போது அறுபத்தைந்து வயதிருக்கும். பாக்கு வியாபாரம். மீன் கடையில் வைத்து மச்சான் ஒருவர், ‘மரைக்காயருக்கு வயசாயிடுச்சு, விரால் முள்ளுகூடத் தெரியறதில்ல’ என்று ஏதோ சொல்லிவிட்டார். மரைக்காயர் கையிலிருந்த குடையால் மச்சான் தோளில் போட்டார். தோள் வீங்கியது, குடை வளைந்தது, வழக்கு வந்தது. மச்சான் தரப்பு வக்கீல் எப்படியும் ஜெயிலுக்கு அனுப்புவேன் என்று கடைத்தெருவில் சொல்லிக்கொண்டிருந்தார்.

விசாரணையன்று அந்துவான் ஐயா அரைமணி நேரம் பிரெஞ்சில் பேசினார். கையை உயர்த்தினார், கண்ணைத் துடைத்தார், வளைந்த குடையைத் தூக்கிக் காட்டினார். மரைக்காயர் ஒன்றும் புரியாமல் பெருமையோடு தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். விடுதலை. வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்து, “என்ன தம்பி சொன்னாரு? சிங்கம் மாதிரிப் பேசினாரே!” என்றார். அந்த நேரத்தில் எனக்குப் பொய் வரவில்லை. “நீங்க தள்ளாதவரு, கை நடுங்குது, கண்ணு மங்கல், குடையை ஊனிக்கிட்டுத்தான் நடக்கிறீங்க, தடுமாறி விழறப்ப அது மச்சான் மேல பட்டுருச்சு, ஒரு ஈயை அடிக்கவும் உங்களுக்குத் தெம்பு கெடையாதுன்னு சொன்னாருங்க” என்றேன்.

மரைக்காயர் முகம் சிவந்தது. திரும்பிக் கோர்ட்டுப் படியில் ஏறப் போனார். நான் குறுக்கே நின்றேன். தீர்ப்பு சொல்லியாயிற்று, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று கெஞ்சினேன். அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். குடையை மடியில் வைத்து நிமிர்த்தப் பார்த்தார், அது நிமிரவில்லை. கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “விடுதலை கெடக்கட்டும் தம்பி, அந்தக் கை நடுங்குதுங்கற ஒரு வார்த்தையை மட்டும் திரும்ப வாங்கச் சொல்லுங்க, நாளைக்கு ஜும்ஆ தொழுகையில எல்லா மச்சான்மாரும் இருப்பானுவ.”

சனிக்கிழமைச் சட்டை

திருநள்ளாற்றுக்குச் சனிக்கிழமை வருகிறவர்கள் குளத்தில் முழுகிவிட்டு உடுத்திய துணியை அங்கேயே விட்டுப் புதுசு உடுத்திக்கொண்டு போவார்கள். கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மனைவியோடு வந்தார். பழைய சட்டையைக் குளக்கரையில் விட்டார். புதுச் சட்டையை ஊரிலிருந்து எடுத்து வர மறந்திருந்தார்கள். அந்த அம்மாள் கடைத்தெருவிலேயே ஒன்று வாங்கிப் போட்டுவிட்டார். நல்ல சீமை பாப்ளின்; எங்கள் ஊரில் மலிவு, சாவடியைத் தாண்டினால் தீர்வை. சாவடியில் சுங்க அதிகாரி சட்டையைத் தடவிப் பார்த்தார், காலரைத் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார். பிறகு கழற்றச் சொன்னார். வாத்தியாரின் பழைய சட்டையை வேறு யாரோ அதற்குள் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள்.

வாத்தியார் மேல்துண்டோடு எங்கள் ஆபீசுக்கு ஓடி வந்தார். மனைவி சாவடிப் பெஞ்சில். சட்டை போனால் போகட்டும், கடத்தல் என்று ஒரு வழக்குப் பதிவானால் பள்ளிக்கூடத்தில் வேலை போய்விடும், மூன்று பெண்கள் வீட்டில் இருக்கிறார்கள் என்று சொல்லிக் கையைக் கூப்பினார். அந்துவான் ஐயா ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். “சனிங்கறவர் யாரு? அவருக்குச் சட்டை எதுக்கு?” என்று கேட்டார். ரொசாலி அம்மாள்தான் விளக்கினார். பூர்வீகத்தில் தானும் அந்தக் குளத்தில் முழுகிய குடும்பம்தான் என்பதை அன்றைக்குத்தான் சொன்னார். ஐயா உற்சாகமாகி, கோபக்காரக் கிரகம் ஒன்றைப் பற்றியும் அதன் பொருட்டு ஏழைகள் துணி துறப்பதைப் பற்றியும் இரண்டு பக்கம் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே டைப் அடித்தார்.

நானும் வாத்தியாரும் அந்தக் காகிதத்தோடு வண்டி பிடித்துச் சாவடிக்குப் போனோம். அதிகாரி அதைத் தலைகீழாகத் திருப்பி ஒரு தடவை, நேராக ஒரு தடவை பார்த்தார். “தமிழ்ல சொல்லுங்க” என்றார். “இவருக்கு ஏழரைச் சனிங்க” என்று மட்டும் சொன்னேன். அவர் வாத்தியாரின் ஈர வேட்டியைப் பார்த்தார். பெஞ்சில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த அந்த அம்மாளைப் பார்த்தார். மேஜை இழுப்பறையிலிருந்து சட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, எழுதத் தொடங்கியிருந்த பக்கத்தைக் கிழித்துப் போட்டார். வாத்தியார் கும்பிடப் போனபோது அவர் சொன்னார்: “எனக்கும் ஏழரைதான் சார் நடக்குது, இல்லேன்னா வேலூர்க்காரனைக் கொண்டாந்து இந்தப் பொட்டல்ல உக்கார வச்சு அடுத்தவன் சட்டையை மோந்து பாக்கச் சொல்லுவாங்களா?”

வலி காணவில்லை

ஒருநாள் வழக்குப் பதிவேட்டில் நான் தமிழில் எழுதி வைத்திருந்த குறிப்பைப் பார்த்து ரொசாலி அம்மாள் மிரண்டுபோனார். ‘ஹாஜரா உம்மாள். வலி காணவில்லை.’ “வலி போயிடுச்சுன்னா டாக்டருக்குத்தானே நன்றி சொல்லணும், நம்மகிட்ட எதுக்கு வந்தாங்க?” என்று கேட்டார். விஷயம் வேறு. முஸ்லிம் வீட்டு நிக்காஹ்வில் பெண்ணைக் கொடுக்கிற உரிமை அவள் தகப்பனாருக்கு. அவரை ‘வலி’ என்பார்கள். அவர் இறந்திருந்தால், பாட்டனாரோ கூடப்பிறந்தவனோ இல்லாத வீட்டில் அந்த உரிமை தகப்பனாரின் அண்ணனான பெரியவாப்பாவுக்குப் போகும். ஹாஜரா உம்மாளின் கணவர் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த வியட்நாமின் சைகோனுக்குக் கடை வைக்கப் போனவர். யுத்தத்துக்குப் பிறகு கடிதம் இல்லை. செத்துப்போனதாக அவருடைய அண்ணன் சொன்னார். பார்த்ததாக யாரும் சொல்லவில்லை. மகளுக்கு நல்ல இடம் வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டில், தகப்பனார் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் நிக்காஹ் எப்படி என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

ஹாஜரா உம்மாள் வெள்ளைத் துப்பட்டியில் தம்பியோடு வந்து, “எங்க இருக்காருன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க” என்றார். ஐயா சைகோனில் இருந்த பிரெஞ்சு அதிகாரிகளுக்கு எழுதினார். நாலு மாதம் ஆயிற்று. பதில் வந்த அன்று ஐயா அதைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “முதல் பாதியை மட்டும் சொல்லு” என்றார். முதல் பாதியில் ஆள் உயிரோடு இருக்கிறார், கடையும் இருக்கிறது என்றிருந்தது. நான் அதை மட்டும் சொன்னேன். அவர் துப்பட்டியை விலக்கிக் காகிதத்தைப் பார்த்தார். பிறகு, “கீழயும் நாலு வரி இருக்கே தம்பி, அது என்னா?” என்று கேட்டார். படிக்கத் தெரியாதவர்கள் காகிதத்தை எவ்வளவு கூர்மையாகப் பார்ப்பார்கள் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. சொன்னேன். அங்கே ஒரு மனைவி, மூன்று பிள்ளைகள். ஹாஜரா உம்மாள் காகிதத்தை வாங்கி நாலாக மடித்துக்கொண்டு போய்விட்டார். தம்பிதான் தடுக்கி விழாத குறையாகப் பின்னால் போனார்.

அந்த விலாசத்துக்கு ஐயா இரண்டாவதாக ஒரு கடிதம் எழுதினார். அண்ணனையே தன் சார்பில் நின்று நிக்காஹ் முடித்து வைக்கச் சொல்லி அந்த மனிதர் கையெழுத்துப் போட்டு அனுப்பினார். கூடவே மகளுக்கு ஒரு துண்டுப் பட்டும் வந்தது. கல்யாணம் நடந்தது. பத்து நாள் கழித்து ஹாஜரா உம்மாள் தம்ரூட்டு இனிப்பு எடுத்துக்கொண்டு வந்தார். ரொசாலி அம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. “அந்த மனுசன் மேல உங்களுக்குக் கோவமே வரலியா?” என்று கேட்டுவிட்டார். ஹாஜரா உம்மாள் பாத்திரத்தை மேஜைமேல் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “வராத என்னா? கோவத்துக்கு ஒரு வக்கீலு, நிக்காஹ்வுக்கு ஒரு வக்கீலுன்னு ஒரே நேரத்துல வைக்க முடியுமாம்மா. மொதல்ல மகளை முடிச்சேன், கோவத்துக்கு இனிமேதான் வருவேன்.”

எனக்கே

கட்சிக்காரர்களுக்கு நான் சொன்ன பொய்களில் அதிகம் உழைத்தது, ‘ஐயா உள்ளே இருக்கிறார், இதோ வந்துவிடுவார்’ என்பதுதான். ஐயா நிரவியில் மாமனார் வீட்டில் இருப்பார். நான் இதைச் சொல்லும்போது உள்கதவைக் கொஞ்சம் சாத்தி வைப்பேன். அப்போதுதான் நம்பிக்கை வரும்.

ஒரு தடவை என் அனுமதிச் சீட்டில் என் தகப்பனார் பெயருக்குப் பதிலாக என் மாமனார் பெயரை எழுதிவிட்டார்கள். அதன்படி என் மனைவி எனக்குத் தங்கை. அதைத் திருத்த நாகப்பட்டினத்தில் ஒரு வக்கீலின் கையெழுத்து வேண்டியிருந்தது. போனேன். பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்த வக்கீலின் குமாஸ்தா என்னை யாரென்று தெரிந்துகொண்டு, உள்கதவைக் கொஞ்சம் சாத்திவிட்டு, ஒன்றுமே சொல்லாமல் எழுதத் தொடங்கினார். ஒருமணி நேரம் பொறுத்துவிட்டு, “ஐயா உள்ளே இருக்காருங்களா?” என்று கேட்டேன். அவர் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார்: “நீங்களும் நம்ம தொழில்தானேண்ணே, உங்களுக்குன்னு தனியா ஒரு பொய்யி நான் எங்க போய்த் தேடறது?”

பிறந்ததற்குச் சாட்சி

தருமபுரத்துக் குமரேசனுக்கு ரீயூனியன் தீவில் ஒரு கடையில் கணக்கெழுதும் வேலை காத்திருந்தது. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும் என்பது முதலாளியின் நிபந்தனை. பாஸ்போர்ட்டுக்குப் பிறந்த தேதி வேண்டும். காரைக்காலில் கன்றுக்குட்டி பிறந்தால்கூட ‘மேரி’ என்கிற நகரசபை ஆபீசில் பதிவாகும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். குமரேசனின் தகப்பனாருக்கு மட்டும் அந்தப் பக்கம் போகச் சோம்பல். ஆகவே கோர்ட்டில் சாட்சி வைத்து, இவர் பிறந்தது உண்மை என்று தீர்ப்பு வாங்க வேண்டும். தனக்கு முப்பத்திரண்டு என்று குமரேசன் சொன்னார். ஐயாவும் அப்படியே எழுதினார்.

சாட்சிகள் இரண்டு பேர். ஒருவர் குமரேசனுக்குப் பெண் கொடுக்க நிச்சயம் செய்திருந்த சபாபதி; தெருவில் மரியாதைப்பட்ட மனிதர், நாளைய மருமகனுக்காக வந்திருந்தார். இன்னொருவர், குமரேசனைப் பிரசவம் பார்த்த மருத்துவச்சி பூரணி. பூரணியை வண்டி வைத்து அழைத்து வந்து, வழியெல்லாம் ‘முப்பத்திரண்டு, முப்பத்திரண்டு’ என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார் குமரேசன். நீதிபதி பிரெஞ்சில் கேட்க நான் தமிழில் கேட்டேன். “இவர் பிறந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?” பூரணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நான்தானே எடுத்தேன். கால் முந்தி வந்தான். ரெண்டு ராத்திரி அவங்க ஆத்தாளைப் பாடாப் படுத்திட்டான்.” “எத்தனை வருஷம் ஆச்சு?” பூரணி விரலை மடக்கினாள். குமரேசன் வாயசைத்துக் காட்டினார். பூரணிக்குக் கண் அவ்வளவு தெரியாது. “அதே வாரம்தான் எனக்கும் மக பொறந்தா. அவளுக்குப் போன ஆடியோட நாப்பத்தொண்ணு. பேரன் எடுத்துட்டா.”

குமரேசன் தலையில் கையை வைத்துக்கொண்டார். நான் மொழிபெயர்க்கத் தயங்கினேன். நீதிபதி புதுச்சேரிக்காரர், அவருக்கே தமிழ் தெரியும், சிரிக்காமல் எழுதிக்கொண்டார். தீர்ப்பு எழுத்துப் பிசகாமல் வந்தது: குமரேசன் பிறந்தது உண்மை, வயது நாற்பத்தொன்று. ரீயூனியன் போயிற்று. குமரேசன் ஐயாவின் காலைப் பிடித்து மேல்முறையீடு செய்ய முடியுமா என்று கேட்டார். “எதை எதிர்த்து? பிறந்ததையா?” என்றார் ஐயா. சபாபதி மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். நிச்சயத்தட்டைத் திருப்பி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு வாசல்வரை போனவர், நின்று ஐயாவைக் கும்பிட்டுச் சொன்னார்: “ரொம்ப உபகாரங்க, எனக்கு இன்னும் ரெண்டு பொண்ணு இருக்கு, இனிமே எந்த மாப்பிள்ளை வந்தாலும் மொதல்ல ஒரு பாஸ்போட்டு கேஸ் போட்டுடுங்க.”

கலியன்

கலியன் எங்கள் நிரந்தரக் கட்சிக்காரர். கோழி, செம்புக் குடம், காயப்போட்ட புடவை என்று திருட்டில் அவருக்கு வரையறை உண்டு. அதற்கு மேல் போக மாட்டார். ஒவ்வொரு தடவையும் அந்துவான் ஐயா பிரெஞ்சில் அவருடைய வறுமையையும் குழந்தைகளையும் உருக்கமாகச் சொல்லி வெளியே கொண்டுவந்துவிடுவார். கலியனுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்பது பிரெஞ்சில் தெரியாது.

அரசாங்கம் மாறியது. சாவடிகளைப் பிரித்தார்கள், கொடி மாறியது. கோர்ட்டும் சட்டமும் உடனே மாறவில்லை; ஆனால் மெட்ராஸ் பக்கத்திலிருந்து புது இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். வந்த மாதமே அவருடைய சைக்கிள் காணாமல் போயிற்று. பழைய பதிவேட்டைப் பார்த்தார், கலியனைப் பிடித்தார். ஐயா லாக்கப்பில் போய்ப் பார்த்தபோது கலியன் சத்தியம் செய்தார். “நான் எடுக்கலீங்க. எனக்குச் சைக்கிள் விடவே தெரியாதுங்க, ஐயா.” நான் விசாரித்தேன், உண்மை. கலியன் முதன்முறையாக நிரபராதி. ஐயாவுக்கு அது புதுப் பொறுப்பாக இருந்தது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று வீட்டில் சொன்னார்கள்.

இன்ஸ்பெக்டருக்குப் பிரெஞ்சு தெரியாது. கோர்ட்டில் தமிழில் வாதாட வழக்கமில்லை; அவருக்கும் விளங்கட்டும் என்று நீதிபதி ஐயாவை இங்கிலீஷில் பேசச் சொன்னார். ஐயா அரசாங்கம் மாறிய பிறகு புத்தகம் வாங்கி இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தார். பாதிப் புத்தகம்தான் முடிந்திருந்தது. ‘என் கட்சிக்காரருக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது’ என்று சொல்ல நினைத்து, ‘என் கட்சிக்காரர் அந்தச் சைக்கிளை ஓட்டிச் செல்லவில்லை’ என்று சொல்லிவிட்டார். இன்ஸ்பெக்டர் எழுந்து, “அதைத்தான் நானும் சொல்கிறேன், தள்ளிக்கொண்டு போனான்” என்றார். கோர்ட்டு சிரித்தது. ஐயா திருத்தப் பார்த்தார். வார்த்தை வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அவரளவு இங்கிலீஷும் கிடையாது. கலியனுக்கு ஒரு மாதம். அவர் உள்ளே போகும்போது ஐயாவைப் பார்த்துக் கும்பிட்டதைத்தான் ஐயாவால் தாங்க முடியவில்லை. ஆபீசுக்கு வந்து அங்கியைக் கழற்றிவிட்டு, தொழிலை விட்டுவிடலாமா என்று என்னைக் கேட்டார்.

பதினைந்து நாளில் சைக்கிள் ஒரு சவுக்குத் தோப்பில் கிடைத்தது. எடுத்தவனும் கிடைத்தான். கலியனை விட்டார்கள். நேராக எங்கள் ஆபீசுக்கு வந்தார். ஐயா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். ஒரு கட்சிக்காரருக்காக அவர் எழுந்து நான் பார்த்தது அது ஒருதரம்தான். “மன்னிச்சுக்க கலியா” என்று தமிழில் சொன்னார். கலியனுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. தலையைச் சொறிந்துகொண்டு கதவோரமாக நின்று சொன்னார்: “பரவால்லீங்க ஐயா, நான் செஞ்சதுக்கெல்லாம் பிரெஞ்சுல விடுதல வாங்கிக் குடுத்தீங்க, செய்யாத ஒண்ணுக்கு இங்கிலீசுல உள்ள போயிட்டு வந்தேன், ஒண்ணுக்கு ஒண்ணு சரியாப் போச்சு.”

அத்தனை வருஷத்தில் நான் பார்த்த கட்சிக்காரர்களில் வக்கீல் சொன்னதைக் கேட்டுத் தப்பித்தவர்கள் சிலர், கேட்காமல் தப்பித்தவர்கள் சிலர். குமாஸ்தாவைத் திட்டாமல் வீட்டுக்குப் போனவர்கள் மட்டும் ஒருவர்கூட இல்லை.